ஆடும் படத்தைச் சீர்செய்தல்

நெசவாளர் சங்கத்தின் சேலையையும் விவசாயிகள் சங்கத்தின் விளைபொருளையும் நேரில் வந்து, தொட்டுப் பார்த்து வாங்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆயினும், தொலைவிலுள்ள வியாபாரிகள் பலர், கைபேசியில் அனுப்பப்படும் வீடியோ படத்தைப் பார்த்தே கொள்முதலை முடிவு செய்கின்றனர். அவர்களுக்கு அப்படமே கண், அப்படமே கை. கையில் பிடித்து எடுத்த படம் ஆடிக்கொண்டிருந்தால், சரிகை வேலையின் நயம் தெரியாது. கதிரின் திரட்சியும் தெரியாது. நல்ல பண்டமும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

இக்குறையைப் போக்குவதற்கெனக் கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் சில விலையின்றியே கிடைக்கின்றன. அவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை ஒன்றைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்கின்றன. ஆட்டத்தைப் போக்கித் தந்து, படத்தின் ஓரத்தைக் கூலியாகப் பெற்றுக்கொள்கின்றன. இதனை அறியாது உபயோகித்தால், விற்பனைக்கு உயிராயிருக்கும் சேலைக் கரையே படத்திலிருந்து மறைந்துபோகக்கூடும். ஆகவே, மென்பொருள் என்ன செய்கிறது, எதை வாங்கிக்கொள்கிறது, எவ்விடத்தில் ஏமாறுகிறது என்பவற்றை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ளுதல் நலம்.

வேண்டிய அசைவும் வேண்டாத அசைவும்

கைபேசியைப் பிடித்திருக்கும் கை இருவகையாக அசைகிறது. முந்தானையிலிருந்து உடல் பகுதிக்கு மெல்ல நகர்த்திக் காட்டுவது ஒருவகை. இது வேண்டுமென்றே செய்வது, மெதுவானது, ஒரே திசையில் செல்வது. மூச்சு விடுவதாலும், காலடி வைப்பதாலும், கை சோர்வதாலும் நேரும் துடிப்பு மற்றொரு வகை. இது விரைவானது, முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவது. முதல் வகையைக் காத்து, இரண்டாம் வகையை மட்டும் களைவதே இத்தொழிலின் சாரம்.

சினிமாத் தொழிலில் இதற்கு முதலில் கருவி மூலமாகவே பரிகாரம் தேடினர். அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரவுன் என்பவர் 1970-களில் அமைத்த ஸ்டெடிகாம் என்னும் கருவி, காமிராவை உடலோடு பிணைத்து, எடையைச் சமன் செய்து, நடையின் அதிர்ச்சி காமிராவை அடையாதபடி தடுத்தது. 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' என்னும் படத்தில் அது பயன்படுத்தப்பட்டது. அக்கருவி படம் எடுக்கும்போதே ஆட்டத்தைத் தடுப்பது. மென்பொருளோ, எடுத்து முடித்த படத்தில் பதிந்துவிட்ட ஆட்டத்தைப் பின்னர்ச் சரிக்கட்டுவது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் மேல்வருவன எளிதில் விளங்கும்.

மென்பொருள் செய்யும் வேலை

வீடியோ என்பது அசையாப் படங்களின் வரிசையே. விநாடிக்கு 30 தனிப்படங்கள் எனக் கொண்டால், 10 விநாடிப் படத்தில் 300 தனிப்படங்கள் உள்ளன. இவற்றை மென்பொருள் நான்கு படிகளில் கையாளுகிறது.

முதற்படி, அடையாளம் காணுதல். ஒரு தனிப்படத்தில் தெளிவாகத் தெரியும் புள்ளிகள் பலவற்றை அது தெரிந்தெடுக்கிறது. தறிக்காலின் முனை, ஜன்னலின் மூலை, புட்டாவின் நுனி போன்றவை இதற்கு ஏற்றவை. அடுத்த தனிப்படத்தில் அதே புள்ளிகள் எவ்விடத்திற்குப் பெயர்ந்துள்ளன என்று தேடுகிறது.

இரண்டாம் படி, காமிராவின் பாதையைக் கணித்தல். பெரும்பாலான புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இடப்புறம் பெயர்ந்தால், காமிரா வலப்புறம் அசைந்தது என்று பொருள். இவ்வாறு தனிப்படந்தோறும் கணக்கிட்டுக் காமிரா சென்ற வழியை வரைந்துகொள்கிறது.

மூன்றாம் படி, பாதையைச் சீராக்குதல். இது சராசரி காணும் வேலை. நாள்தோறும் ஏறி இறங்கும் நெல் விலையில், ஒரு நாளுக்கு முன் 10 நாளும் பின் 10 நாளும் சேர்த்து 21 நாளுக்குச் சராசரி எடுத்தால், அன்றாட ஏற்ற இறக்கம் மறைந்து விலையின் போக்கு மட்டும் தெரியும் அன்றோ? அவ்வாறே, விட்ஸ்டாப் என்னும் மென்பொருளில் சீராக்கும் அளவை 10 என வைத்தால், முன் 10, பின் 10, நடுவில் 1 ஆக 21 தனிப்படங்களின் சராசரியை அது எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 30 தனிப்படங்கள் உள்ள வீடியோவில் இது 0.7 விநாடிக் காலம். இந்த எண்ணைக் கூட்டினால் துடிப்பு மேலும் அடங்கும். ஆனால் நாம் வேண்டுமென்றே திருப்பிய திருப்பத்தையும் அது இழுத்து மழுக்கிவிடும்.

நான்காம் படி, பெயர்த்து வைத்தல். உண்மையாகச் சென்ற பாதைக்கும் சீராக்கிய பாதைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு தனிப்படத்தையும் நகர்த்தியோ திருப்பியோ வைக்கிறது. காமிரா வலப்புறம் துடித்த கணத்தில், படத்தையும் வலப்புறம் பெயர்த்து வைத்தால் காட்சி நிலையாய் நிற்கும்.

2011-ஆம் ஆண்டில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தையும் கூகுள் நிறுவனத்தையும் சார்ந்த மத்தியாஸ் குருண்ட்மன், விவேக் க்வாட்ரா, இர்ஃபான் எஸ்ஸா ஆகிய மூவர் மற்றொரு வழியை வெளியிட்டனர். சராசரி காண்பதற்குப் பதிலாக, காமிரா சில நேரம் அசையாமல் நிற்பது, சில நேரம் ஒரே வேகத்தில் நகர்வது, இடையில் வேகத்தைச் சீராக மாற்றுவது என்னும் மூன்று வகைத் துண்டுகளால் புதிய பாதையை அமைப்பது அவர்கள் முறை. தேர்ந்த ஒளிப்பதிவாளர் காமிராவை இயக்கும் விதமும் இதுவே. படம் எடுக்கும் நாமும் இதனைப் பின்பற்றலாம்: சற்று நிற்க வேண்டும்; ஒரே வேகத்தில் நகர வேண்டும்; மீண்டும் நிற்க வேண்டும்.

முதற் கூலி: படத்தின் ஓரம்

தனிப்படத்தை வலப்புறம் பெயர்த்தால் இடப்புற ஓரத்தில் வெற்றிடம் உண்டாகும். அங்கே காட்டுவதற்கு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. அவ்வெற்றிடம் கறுப்புப் பட்டையாய்த் துள்ளாமலிருக்க, நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டு, எஞ்சியதைப் பெரிதாக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது மென்பொருள்.

இதனைச் சேலைக் கணக்கில் பார்ப்போம். 48 அங்குல அகலமுள்ள சேலையை நீளவாக்கில் விரித்து, அதன் அகலம் படச்சட்டத்தை இரு ஓரமும் தொட்டு நிறைக்குமாறு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆட்டத்தைப் போக்க ஒவ்வொரு பக்கமும் 5 சதவிகிதம் வெட்டவேண்டியதாயிற்று. அதாவது, பக்கத்திற்கு 2.4 அங்குலம் போயிற்று. அச்சேலையின் கரை 2 அங்குலமாயின், இருபுறக் கரையும் படத்தில் அடியோடு இல்லை. 3 அங்குலக் கரையாயின், எஞ்சுவது 0.6 அங்குலமே. படம் ஆடாமல் அழகாக ஓடும். ஆனால், கரையைப் பார்த்து வாங்குபவர் கரையற்ற சேலையைக் காண்பார்.

இதற்குப் பரிகாரம் படம் எடுக்கும்போதே இருக்கிறது. 48 அங்குலம் வேண்டுமானால் 60 அங்குல இடம் தெரியுமாறு கைபேசியைப் பின்னுக்கு வைத்துப் பிடிக்க வேண்டும். அப்போது பக்கத்திற்கு 6 அங்குலம் உபரியாக நிற்கும். மேற்கண்டவாறு பக்கத்திற்கு 5 சதவிகிதம் வெட்டினாலும் 54 அங்குலம் எஞ்சும்; கரைக்கு வெளியே 3 அங்குலம் மிச்சமிருக்கும்.

புள்ளிக் கணக்கும் கவனிக்கத்தக்கது. சாதாரண உயர்தர வீடியோவின் அகலம் 1920 புள்ளிகள். 10 சதவிகிதம் வெட்டினால் 1728 எஞ்சும். அதனை மீண்டும் 1920-க்கு இழுப்பதால் படம் சற்று மங்கும். கைபேசியில் '4கே' எனப்படும் 3840 புள்ளி அகலத்தில் எடுத்தால், வெட்டிய பின்னும் 3456 எஞ்சும். முடிவில் 1920 அகலத்தில் அனுப்பினால் தெளிவு குறையாது. கைபேசியில் அதிக இடம் பிடிக்கும் என்பதே இதிலுள்ள சிரமம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பல மென்பொருள்களில், படத்தின் மிக மோசமான கணத்திற்கு வேண்டிய வெட்டே படம் முழுவதற்கும் வைக்கப்படுகிறது. ஒரு நிமிஷப் படத்தில் ஒரே ஒரு தடவை கால் இடறியிருந்தாலும், அந்தக் கணத்திற்காக ஒரு நிமிஷமும் ஓரத்தை இழக்க நேரும். ஆகவே, இடறிய பகுதியை முதலில் கத்தரித்து நீக்கிவிட்டுப் பிறகே ஆட்டம் போக்க முற்படுதல் சிக்கனம்.

இரண்டாம் கூலி: தெளிவு

ஆட்டம் வேறு, மங்கல் வேறு. தறிக்கூடத்தின் மங்கிய வெளிச்சத்தில் கைபேசி ஒவ்வொரு தனிப்படத்திற்கும் நீண்ட நேரம் ஒளியை ஏற்கிறது. அந்நேரத்திற்குள் கை அசைந்தால், அத்தனிப்படத்துக்குள்ளேயே நூலிழைகள் இழுபட்டுப் பதிகின்றன. மென்பொருள் தனிப்படத்தை நகர்த்தும்; அதற்குள் பதிந்த மங்கலை நீக்காது. மேலும், ஆட்டம் நின்ற பிறகு அம்மங்கல் முன்னைவிட நன்றாகக் கண்ணுக்குப் படும். நிலையாக நிற்கும் துணி திடீர் திடீரென மங்கித் தெளிவது விகாரமாயிருக்கும்.

இதற்கு மருந்து வெளிச்சமே. ஜன்னலருகிலோ, திண்ணை நிழலிலோ துணியை விரித்து எடுக்கலாம். நேர் வெயில் சரிகையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யுமாதலால் அது வேண்டாம். ஷட்டர் நேரத்தை நாமே குறிக்க வசதியுள்ள கைபேசியாயின் 1/100 விநாடி என வைக்கலாம். நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையது; மின்விளக்கு அதனால் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/100 விநாடி அதனோடு பொருந்துவதால், படத்தில் வரிவரியாக ஒளிப்பட்டைகள் ஓடுவதும் தவிர்க்கப்படும்.

மென்பொருள் ஏமாறும் இடங்கள்

பெரும்பாலான புள்ளிகள் பெயர்ந்தால் காமிராவே அசைந்ததாக மென்பொருள் கொள்ளும் என்றோம். நமது தொழில்களில் இந்த அனுமானம் பொய்த்துப்போகும் இடங்கள் உள்ளன.

(1) தறியின் அச்சுப் பலகை. நெசவாளர் ஊடைக்கு ஊடை பலகையை முன்னிழுத்து அடிக்கிறார். படச்சட்டத்தைப் பலகையே நிறைத்திருந்தால், அதன் போக்குவரவைக் காமிராவின் ஆட்டமென்று மென்பொருள் எண்ணும். பலகையை நிறுத்தி வைக்கும். தறிக்காலும் சுவரும் முன்னும் பின்னும் ஊசலாடும். தறிக்கால், சுவர் முதலிய அசையாப் பொருள்கள் படத்தில் பெரும்பகுதி தெரியுமாறு எடுப்பதே வழி.

(2) காற்றில் அசையும் பயிர். வயல் முழுவதும் ஒரே பக்கம் சாயும்போதும் இவ்விபத்தே நேரும். வரப்பு, பம்பு செட்டுக் கொட்டகை, தென்னை மரத்தின் அடி ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து எடுத்தால் மென்பொருளுக்குப் பற்றுக்கோடு கிடைக்கும்.

(3) கட்டம் போட்ட துணி. லுங்கி, துண்டு ஆகியவற்றில் ஒரு கட்டத்தைப் போலவே அடுத்த கட்டமும் இருக்கும். கை விரைந்து அசைந்தால், ஒரு கட்டத்தின் மூலையை அடுத்த கட்டத்தின் மூலையென்று தவறாகப் பொருத்திவிடும். படம் ஒரு கட்ட அளவுக்குத் துள்ளும்.

(4) வெறுந்துணி. கரையோ புட்டாவோ இல்லாத வெள்ளைத் துணியில் பற்றிக்கொள்ளப் புள்ளியே இல்லை. துணியின் விளிம்போ மேசையின் மூலையோ தெரிய வேண்டும்.

(5) சாயும் தூண்கள். கைபேசி ஒரு தனிப்படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. இதற்கிடையில் கை அசைந்தால் நேரான தூண் சாய்ந்தும் நெளிந்தும் பதியும். ஆட்டத்தை அடக்கிய பின் இந்நெளிவு வெளிப்பட்டுத் தோன்றும். சில மென்பொருள்களில் இதனைத் தனியாகத் திருத்த இடமுண்டு. முற்றும் திருத்த இயலாது.

நிற்க. கைபேசிக்குள்ளேயே ஆட்டம் தடுக்கும் ஏற்பாடு உண்டு. பல கைபேசிகள், சுழற்சியை அளக்கும் கைரோ என்னும் உறுப்பைக் கொண்டு கையின் திருப்பத்தை நேரே அறிகின்றன. படத்திலுள்ள புள்ளிகளை நம்பாததால், அச்சுப் பலகையைக் கண்டு அவ்வுறுப்பு ஏமாறுவதில்லை. ஆனால், கைரோ அளப்பது திருப்பத்தையே. பக்கவாட்டில் இடம் பெயர்வதை அன்று. துணிக்கு மிக அருகில் பிடித்து எடுக்கும்போது இடப்பெயர்ச்சியே மிகுதியாதலால், அங்கே அதன் உதவி குறைவு. கைபேசியின் ஏற்பாடும் ஓரத்தை வெட்டியே வேலை செய்யுமாயின், அதற்கு மேல் மென்பொருளும் வெட்டும்போது கூலி இருமடங்காகும். கைபேசி தந்த படமே போதுமான நிலையில் இருந்தால், மென்பொருளை நாடாதிருத்தல் நலம்.

செய்முறை

ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவை விலையின்றிக் கிடைப்பவை. இரண்டும் முன்சொன்ன விட்ஸ்டாப்பைத் தமக்குள் கொண்டவை. ஷாட்கட்டில் செய்யும் விதம் வருமாறு:

1. கைபேசியிலிருந்து மூலப்படத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுக. வாட்ஸ்அப் வழியாக வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். கம்பி மூலம் மாற்றுவது நலம்.

2. வேண்டாத பகுதிகளை நீக்கி, ஒவ்வொரு காட்சியையும் தனித்தனித் துண்டாகச் சேமித்துக்கொள்க. இரு காட்சிகள் ஒட்டியிருந்தால், காட்சி மாறும் இடத்தையும் ஆட்டமென்று மென்பொருள் கருதும்.

3. ஒரு துண்டைத் திறந்து, பில்டர்கள் பகுதியில் 'ஸ்டெபிலைஸ்' என்பதைத் தெரிந்தெடுக்க.

4. ஆட்டத்தின் கடுமையைக் குறிக்கும் அளவு 1 முதல் 10 வரை உள்ளது. நின்று எடுத்த படத்திற்கு நடு அளவான 5 கொண்டு தொடங்குக. நடந்து எடுத்ததற்குக் கூட்டலாம்.

5. 'அனலைஸ்' என்னும் பொத்தானை அழுத்துக. மேற்சொன்ன முதலிரு படிகளும் இப்போது நடக்கும். பழைய கணிப்பொறியாயின் நேரம் பிடிக்கும், பொறுத்திருக்க வேண்டும்.

6. பின்னர்ச் சீராக்கும் அளவைக் குறைவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க. கண்ணுக்கு உறுத்தாத நிலை வந்தவுடன் நிறுத்துக. முற்றும் அசையாமல் செய்ய வேண்டுமென்னும் ஆசை ஓரத்தைத் தின்றுவிடும்.

7. படத்தை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டி, நடுவைப் பாராமல் ஓரங்களை மட்டும் பார்க்க. கரை எங்கேனும் மறைகிறதா என்று சோதித்த பின்னரே வெளியீடு செய்க.

டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் இவ்வசதி உண்டு. அதில் நகர்த்துவது மட்டும், நகர்த்துவதோடு திருப்புவதும் பெரிதாக்குவதும், இவற்றோடு கோணத்தையும் மாற்றுவது என மூன்று தரங்கள் வைத்துள்ளனர். துணிக்கு முதல் இரண்டே ஏற்றவை. கோணத்தை மாற்றும் முறை நேர்க்கரையை வளைத்துக் காட்டக்கூடும். நேராய் நெய்த கரை வளைந்து தோன்றினால் பழி நெசவாளர் தலையில் விழும்.

மூலப்படத்தைக் காத்தல்

பயிர்ச்சேதத்தையோ, சரக்கு சேதப்பட்டு வந்ததையோ காட்டும் படங்களில் இவ்வேலையைச் செய்து, அதையே சான்றாக அனுப்புதல் கூடாது. வெட்டப்பட்ட ஓரத்தில் வயலின் எல்லைக்கல்லோ மூட்டையின் முத்திரையோ இருந்திருக்கலாம். எடுத்த நேரத்தையும் இடத்தையும் பற்றிய குறிப்புகள், மறுபடி வெளியிட்ட கோப்பில் பெரும்பாலும் அப்படியே தங்குவதில்லை. மூலப்படம் ஆடினும் அதுவே சான்று. சீர்செய்த படத்தை வேறு பெயரில் சேமித்து, மூலத்தைச் சங்கத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

சங்கத்தில் செய்யவேண்டிய பயிற்சி

ஒரு சேலையை விரித்து, அதன் குறுக்கே அங்குல டேப்பை நீட்டி வைக்க. டேப் இரு கரைகளுக்கும் வெளியே பக்கத்திற்கு 6 அங்குலம் நீண்டிருக்கட்டும். அதன் இரு முனைகளும் படச்சட்டத்தின் ஓரத்தைத் தொடுமாறு, நின்ற இடத்திலிருந்து 10 விநாடி எடுக்க. பின், சேலையின் ஓரமாக நடந்துகொண்டே, வழியில் அந்த டேப்பையும் கடந்து மற்றொரு முறை எடுக்க. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரு கையாலும் பிடித்து மூன்றாம் முறை எடுக்க. மூன்றையும் மென்பொருளில் சீர்செய்து, டேப் தெரியுமிடத்தில் எத்தனை அங்குலம் எஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க.

அவ்வெண்கள் நமது கையின் அளவு. எவர் எடுத்தால் எவ்வளவு போகிறது, எப்படிப் பிடித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை எத்தனை அங்குலம் உபரி விட்டு எடுப்பது என்பதில் ஊகத்துக்கு இடமிராது. மிகுதியாக இழக்கும் கை எதுவோ, அதன் அளவையே சங்கம் முழுவதற்கும் விதியாகக் கொள்ளுதல் பாதுகாப்பானது. அந்த உபரியை விட்டு எடுத்தால், கரை நெய்தவரின் உழைப்பு வாங்குபவரின் கண்ணுக்கு முழுதாகச் சென்று சேரும்.